ஜெர்மன் குடியேறிகளின் குடும்பக் காகிதங்கள்: வீட்டில் வைப்பதா, பங்கிடுவதா, காப்பகத்துக்குக் கொடுப்பதா?

அமெரிக்காவில் விஸ்கான்சின், மிசூரி, ஒஹையோ, பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் ஒரு பழைய குடும்ப வீடு விற்பனைக்கு வரும்போது, பரணிலிருந்தோ நிலவறையிலிருந்தோ ஒரு பெட்டி இறங்கி வருவது வழக்கம். பால்டிக் கடலோரப் பகுதியான பொமரேனியாவின் கிராமத் தேவாலயம் கொடுத்த ஞானஸ்நானச் சான்று, பிரஷ்ய அரசு தன் குடிமகனை விடுவித்து எழுதிக்கொடுத்த பத்திரம், பிறப்பும் இறப்பும் முன்பக்கங்களில் குறிக்கப்பட்ட வேதாகமம், அமெரிக்கக் குடியுரிமைச் சான்று, உள்நாட்டுப் போரில் சண்டையிட்டவருக்கு வந்த ஓய்வூதியக் காகிதங்கள், பிறந்த ஊரிலிருந்து வந்த கடிதக் கட்டு ஆகியவை அதில் இருக்கும். பிள்ளைகள் மூன்று மாநிலங்களில் வாழ்வார்கள். பேரப்பிள்ளைகளில் ஒருவருக்கும் ஜெர்மன் தெரியாது. இத்தகைய குடும்பங்களில் மருமகளாகவோ மருமகனாகவோ சேர்ந்திருக்கும் தமிழ் வாசகர்கள் சிலர், இந்தப் பெட்டியை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்கள். அவர்கள் முன் இருக்கும் வழிகளை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

இந்தக் காகிதங்களில் உள்ள செய்தி எப்படியும் ஏதாவது அரசுப் பதிவேட்டில் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பல குடும்பங்களைப் பொறுத்தவரை அது உண்மையல்ல. ஹாம்பர்க் துறைமுகத்தின் பயணிகள் பட்டியல்கள் 1850 முதல் 1934 வரை பெரும்பாலும் பிழைத்திருக்கின்றன. ஆனால் அதற்கு இணையாகக் குடியேறிகளை அனுப்பிய பிரெமன் துறைமுகம், இடப் பற்றாக்குறையால் தன் பழைய பட்டியல்களைத் தானே அழித்தது. மிஞ்சியவற்றில் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போரில் போனது. அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தாள்கள் 1921இல் வாஷிங்டனில் நேர்ந்த தீவிபத்தால் ஏறக்குறைய முழுவதும் இல்லாமல் போயின. ஜெர்மானியர் வருகை உச்சத்தைத் தொட்டது 1882ஆம் ஆண்டில்; அந்த ஒரே ஆண்டில் சுமார் இரண்டரை லட்சம் பேர் வந்து இறங்கினார்கள். அப்போது பிரெமன் வழியாக வந்த ஒரு குடும்பம் முதல் பத்தாண்டுகளில் எங்கே எப்படி வாழ்ந்தது என்பதற்கு அந்தப் பெட்டியைத் தவிர வேறு சாட்சி இல்லாமல் போகலாம்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

காகிதத்தின் ஆயுள்தான் எல்லோரும் முதலில் கேட்பது. காகிதங்கள் ஒரே தொகுப்பாக, பழைய வரிசை குலையாமல் இருக்குமா என்பது அடுத்தது. குடும்பத்தாரும் ஆய்வாளரும் அவற்றை எளிதில் பார்க்க முடியுமா, இன்று எவ்வளவு செலவாகும், பிற்காலத்தில் என்ன செலவு முளைக்கும், எடுத்த முடிவை மாற்ற நினைத்தால் வழி உண்டா என்பவற்றையும் பார்க்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக நான் வைப்பது, அந்தக் காகிதங்களை வாசிக்க யாராவது இருப்பார்களா என்ற கேள்வியைத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் கடிதங்கள் குர்ரென்ட் என்னும் கையெழுத்து முறையில் எழுதப்பட்டவை. ஆங்கிலத்தில் ‘ஈ’ என்று நாம் சொல்லும் எழுத்து அதில் ‘என்’ போலவே இரண்டு சாய்கோடுகளாக நிற்கும். ‘யூ’வை ‘என்’னிலிருந்து பிரித்துக்காட்ட அதன் தலைமேல் ஒரு சிறு வளைகோடு இடுவார்கள். அந்த வளைகோடு மங்கிவிட்டால் கிராமத்தின் பெயரே வேறாகிவிடும். ஜெர்மனியிலேயே இந்த வகை எழுத்தைப் பள்ளிகளில் கற்பிப்பது 1941இல் நிறுத்தப்பட்டதால், இன்று ஜெர்மன் சரளமாகப் பேசும் ஒருவரிடம் கொடுத்தாலும் அவர் திணறுவார். அமெரிக்காவில் முறிவு இன்னும் முன்னரே நேர்ந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மன் மொழி சந்தேகத்துக்கு உள்ளானது. அயோவாவின் ஆளுநர் 1918இல், பொது இடங்களிலும் தொலைபேசியிலும் கூட ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக்கூடாது என்று பிரகடனம் செய்தார். அந்தப் பயத்தில் வளர்ந்த பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளுக்கு ஜெர்மன் சொல்லித்தரவில்லை. காகிதம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது என்ற நிலையில் இருக்கும் பெட்டியைத்தான், இது என்ன பழைய குப்பை என்று அடுத்த தலைமுறை வெளியே போடுகிறது.

## ஒருவர் வீட்டில் மொத்தமாக வைத்திருப்பது

செலவு குறைவு, உடனே செய்யலாம், எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். பேரப்பிள்ளைகள் கொள்ளுப்பாட்டனின் கையெழுத்தைத் தொட்டுப் பார்த்து வளர்வதில் இருக்கும் உறவை எந்தக் காப்பகமும் தர முடியாது. குடும்பத்தில் அக்கறையுள்ள ஒருவர் இருக்கிறார், அவருக்குப் பின் பொறுப்பேற்க இன்னொருவரும் தெரிந்தே இருக்கிறார் என்றால், இந்த வழி மதிப்புக்குரியது.

வைக்கும் இடத்தில் கவனம் வேண்டும். அமெரிக்க வட மாநிலங்களில் பரண் கோடையில் கொதிக்கும், குளிர்காலத்தில் உறையும். நிலவறையில் ஈரம் தேங்கும். வீட்டின் நடுப்பகுதியில், வெளிச்சுவரை ஒட்டாத ஓர் அலமாரியே ஏற்ற இடம். அமிலமற்ற அட்டைப்பெட்டியும் உறைகளும் வாங்க வேண்டும். துருப்பிடித்த ஊசிகளையும் ரப்பர் வளையங்களையும் மெதுவாக நீக்க வேண்டும். கிழிசலில் செல்லோடேப் ஒட்டவே கூடாது. லேமினேஷன் செய்வது அந்தத் தாளைக் கொல்வதற்குச் சமம். அதைத் திரும்ப எடுக்க முடியாது.

பழைய தாள் என்றால் அதிகம் நொறுங்கும் என்பதும் தவறான எண்ணம். 1790இல் எழுதிய ஞானஸ்நானச் சான்று கந்தல் துணியிலிருந்து செய்த காகிதத்தில் இருப்பதால் இன்றும் மடக்கினால் வளையும். 1890இன் செய்தித்தாள் துணுக்கோ மரக்கூழில் செய்யப்பட்டது. தனக்குள் இருக்கும் அமிலத்தாலேயே பழுத்து விளிம்பில் உதிரும். அந்தத் துணுக்கை ஒரு கடிதத்தின் மடிப்புக்குள் வைத்திருந்தால், கடிதத்தின்மேலும் அதே வடிவத்தில் பழுப்புக் கறை படியும். இரும்பு உப்பும் டானின் சாறும் சேர்த்துக் காய்ச்சிய பழைய மை, ஈரம் பட்டால் கோடு கோடாகத் தாளையே அரித்துவிடும். எனவே முதல் வேலை, துணுக்குகளைக் கடிதங்களிலிருந்து பிரித்துத் தனி உறையில் இட்டு, எந்தத் துணுக்கு எந்தக் கடிதத்துக்குள் இருந்தது என்று பென்சிலால் குறித்து வைப்பது.

இந்த வழியின் மறைசெலவு மனிதர்களிடம் இருக்கிறது. காப்பாளர் திடீரென்று இறந்துவிட்டால், வீட்டைக் காலிசெய்து கொடுக்கும் நிறுவனம் இரண்டு நாளில் எல்லாவற்றையும் எடுத்துச்சென்றுவிடும். மணமுறிவு, முதியோர் இல்லத்துக்கு மாறுதல், குழாய் உடைப்பு என்று எது வந்தாலும் பெட்டிக்கு ஆபத்துதான். உயிலில் பெட்டியைக் குறிப்பிட்டு, யாருக்கு என்றும், அவர் மறுத்தால் எந்தக் காப்பகத்துக்கு என்றும் எழுதாத குடும்பம் அதைப் பாதுகாத்திருப்பதாகச் சொல்ல முடியாது.

## உடன்பிறந்தவர்கள் பங்கிட்டுக்கொள்வது

நியாயமாகத் தோன்றுவதால் அதிகக் குடும்பங்கள் தேர்ந்தெடுப்பதும், நான் அறவே வேண்டாம் என்று சொல்வதும் இதுதான். வேதாகமம் மூத்தவருக்கு, குடியுரிமைச் சான்று அடுத்தவருக்கு, கடிதங்கள் இளையவருக்கு என்று பிரித்தவுடன், ஒன்றை ஒன்று விளக்கிக்கொண்டிருந்த காகிதங்கள் ஊமையாகிவிடுகின்றன. ‘அத்தைக்கு உடம்பு முடியவில்லை’ என்று ஒரு கடிதம் சொன்னால், எந்த அத்தை, எந்த ஆண்டு என்பதை வேதாகமத்தின் முன்பக்கம்தான் சொல்லும். அஞ்சல்தலை சேர்க்கும் பேரன் உறைகளிலிருந்து தலைகளை வெட்டி எடுத்த பெட்டிகள் ஏராளம். தலையோடு அஞ்சல் முத்திரையும், முத்திரையோடு நாளும் ஊரும் போய்விடுகின்றன. மூலங்களை ஒரே இடத்தில் வைத்து, ஒவ்வொருவருக்கும் நல்ல அச்சுப்படி ஒன்றைக் கட்டிக் கொடுத்தால் பங்கும் கிடைக்கும், தொகுப்பும் பிழைக்கும்.

ஒரே ஒரு சூழலில் பிரிப்பதை ஏற்கலாம்: பெட்டிக்குள் இருப்பவை உண்மையிலேயே இரண்டு வேறு தொகுப்புகளாக இருக்கும்போது. ஸ்டைன்வே குடும்பம் அதற்கு நல்ல சான்று. ஜெர்மனியின் சேஸன் ஊரிலிருந்து 1850இல் நியூயார்க் வந்து, 1853இல் பியானோ நிறுவனத்தைத் தொடங்கிய அந்தக் குடும்பத்தின் வணிக ஆவணங்கள், ஆலை இருக்கும் குயின்ஸ் பகுதியிலேயே லகார்டியா சமூகக் கல்லூரியின் காப்பகத்தில் இருக்கின்றன. வில்லியம் ஸ்டைன்வே 1861 முதல் 1896 வரை எழுதிய நாட்குறிப்போ வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே அது முழுவதும் எழுத்துப் பெயர்க்கப்பட்டு இணையத்தில் வாசிக்கக் கிடைக்கிறது. ஒவ்வொன்றும் தன்னளவில் முழுமையாக இருந்ததால் அந்தப் பிரிவு கெடுதல் செய்யவில்லை. நாற்பது கடிதத்தை இரண்டாகப் பிரிப்பது வேறு விஷயம்.

## குடியேறிய மாநிலத்தின் காப்பகத்துக்குக் கொடுப்பது

காகிதத்தின் ஆயுள், தொகுப்பின் ஒருமை, ஆய்வாளரின் அணுக்கம் ஆகிய மூன்றிலும் இதுவே முன்னிற்கிறது. 1846இல் தொடங்கிய விஸ்கான்சின் வரலாற்றுக் கழகம், 1898இல் தொடங்கிய மிசூரி மாநில வரலாற்றுக் கழகம் போன்றவை ஜெர்மன் குடியேறிகளின் காகிதங்களைத் தலைமுறைகளாகச் சேர்த்து வருகின்றன. விஸ்கான்சினில் ஒரு நல்ல ஏற்பாடும் உண்டு: மாநிலப் பல்கலைக்கழகங்களில் கிளை மையங்கள் இருப்பதால், தலைமையிடமான மேடிசன் நகரில் உள்ள மூலத் தொகுப்பையே குறிப்பிட்ட காலத்துக்கு நமக்கு அருகிலுள்ள மையத்துக்கு வரவழைத்துப் பார்க்கலாம். ஹிட்லர் காலத்தில் தப்பி வந்த யூதக் குடும்பமாக இருந்தால், 1955இல் நிறுவப்பட்ட நியூயார்க்கின் லியோ பெக் நிறுவனத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும். அதன் தொகுப்புகளில் பெரும்பகுதி இணையத்திலும் கிடைக்கிறது.

பெரிய பெயர்கொண்ட குடும்பமாக இல்லையே என்று பலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் தேவையற்றது. தலைவர்களின் கடிதங்கள் காப்பகங்களில் நிறையவே இருக்கின்றன. ஒரு பால்பண்ணைக்காரரின் கணக்குப் புத்தகமும், ஒரு வேலைக்காரப் பெண் தங்கைக்கு எழுதிய கடிதமும்தான் அரிதாகக் கிடைப்பவை.

கொடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. அமெரிக்கக் காப்பகங்கள் பொதுவாகக் கொடைப் பத்திரம் கேட்கும். அதில் கையெழுத்திட்டால் உடைமை நிரந்தரமாகக் கைமாறும். தேவையில்லாதவை என்று கருதும் காகிதங்களை அவர்கள் கழிக்கவும் கூடும். அப்படிக் கழிப்பவற்றைக் குடும்பத்துக்கே திருப்பித் தர வேண்டும் என்று ஒரு வரி எழுதும்படி கையெழுத்துக்கு முன் கேட்பது உங்கள் உரிமை. தொகுப்பு வகைப்படுத்தப்பட்டுப் பொதுப் பார்வைக்கு வர ஆண்டுகள் ஆகலாம். வகைப்படுத்தும் வேலைக்கு ஒரு சிறு தொகை நன்கொடையாகச் சேர்த்துக் கொடுக்கும் குடும்பங்களும் உண்டு. வரிச்சலுகை கோருவதானால், மதிப்பு 5,000 டாலரைத் தாண்டும்போது தகுதிபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை பொதுவாகத் தேவைப்படும். கொடையைப் பெறும் காப்பகமே அந்த மதிப்பீட்டைச் செய்ய முடியாது, அந்தக் கட்டணம் உங்களுடையது.

காப்பகம் என்றால் அழிவே இல்லை என்றும் எண்ண வேண்டாம். செயின்ட் லூயிஸ் நகரில் 1973இல் நேர்ந்த தீயில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட படைவீரர் கோப்புகள் எரிந்தன. கொலோன் நகரின் வரலாற்றுக் காப்பகக் கட்டடம் 2009 மார்ச் 3 அன்று, அருகில் நடந்த சுரங்க ரயில் பணியின் விளைவாகச் சரிந்து விழுந்தது. படி எடுக்காமல் மூலத்தைக் கொடுக்கக் கூடாது என்பதற்கு இந்த இரண்டும் போதும்.

## ஜெர்மனிக்கே திருப்பி அனுப்புவது

இதில் ஓர் அடிப்படை உண்மையை முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்க வீட்டுப் பெட்டியில் இருப்பவை பெரும்பாலும் ஊரிலிருந்து வந்த கடிதங்கள். குடியேறியவர் தன் கையால் எழுதியவை ஊருக்குப் போய்விட்டன. உரையாடலின் பாதிதான் இங்கே இருக்கிறது. மறுபாதி, பிழைத்திருந்தால், ஜெர்மனியில் இருக்கும். ஜெர்மனியின் போஹும் (Bochum) நகரத்தில் 1980களில் தொடங்கி, ஜெர்மன் குடும்பங்களிடமிருந்து சேகரிக்கப்பட்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடியேறிகளின் கடிதங்கள் இப்போது கோத்தா நகரின் ஆய்வு நூலகத்தில் உள்ளன. உங்கள் குடும்பப் பெயரையும் கிராமத்தையும் சொல்லி அங்கே விசாரிப்பது, மூலத்தை எங்கே வைப்பது என்று முடிவெடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை. பிரெமர்ஹாஃபனில் 2005இல் திறக்கப்பட்ட குடியேற்ற அருங்காட்சியகமும் குடும்பக் கதைகளோடு பொருள்களையும் ஆவணங்களையும் சேகரிக்கிறது.

ஜெர்மன் காப்பகங்களில் ஒரு வசதி உண்டு. உடைமையைக் கைவிடாமல், ஒப்பந்தத்தின் பேரில் வைப்பாக ஒப்படைக்கும் வழக்கம் அங்கே பழகிப்போன ஒன்று. குர்ரென்ட் வாசிக்கத் தெரிந்த பணியாளர்களும் அங்கேதான் அதிகம். அனுப்பிவைத்த ஊரே காகிதங்களை நன்றாகக் காத்ததற்கு நமக்கு நெருக்கமான சான்றும் இருக்கிறது: 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கும் அவருக்குப் பின் வந்தவர்களும் அனுப்பிய கடிதங்களும், 1742இல் பென்சில்வேனியாவுக்குச் சென்ற போதகர் மூலன்பெர்க் அனுப்பியவையும் ஹாலே நகரின் ஃபிராங்கே நிறுவனக் காப்பகத்திலேயே இருக்கின்றன.

ஆனால் எந்த ஜெர்மனிக்கு அனுப்புவது? பின்பொமரேனியா (பொமரேனியாவின் கிழக்குப் பகுதி), சிலேசியா, கிழக்குப் பிரஷ்யாவின் தென்பகுதி ஆகியவை 1945க்குப் பின் போலந்தின் பகுதிகளாயின. அங்கிருந்த ஜெர்மன் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களின் வீடுகளில் இருந்த அமெரிக்கக் கடிதங்களில் பெரும்பாலானவை அதோடு போயிருக்கும். அத்தகைய குடும்பத்துக்கு ‘சொந்த ஊர்க் காப்பகம்’ என்று ஒன்று இல்லை. அமெரிக்காவில் இருக்கும் பாதியே மிஞ்சிய முழுமை. அந்தப் பெட்டி இருக்கும் கண்டத்திலேயே இருப்பதுதான் முறை. இன்றும் ஜெர்மனியிலேயே உள்ள வூர்ட்டெம்பர்க், பாடன், ஹெஸ்ஸன் பகுதிக் குடும்பங்களின் நிலை வேறு: ஊரும் தேவாலயமும் உறவினரும் இன்றும் இருக்கலாம், மறுபாதிக் கடிதங்கள் அதே ஊர்க் காப்பகத்தில் இருப்பது தெரியவந்தால் அனுப்பிச் சேர்ப்பதற்கு வலுவான காரணம் உண்டு. இழப்பு என்னவென்றால், அமெரிக்கப் பேரப்பிள்ளைகள் மூலத்தைப் பார்க்கக் கடல் தாண்ட வேண்டும்.

## ஸ்கேன் செய்து மின்படியாக மட்டும் வைத்திருப்பது

மலிவானது, எல்லோருக்கும் பிரதி கிடைக்கும், இடம் அடைக்காது. ஆனால் இதைத் துணைவழியாக மட்டுமே ஏற்கிறேன். நூற்றைம்பது ஆண்டுகள் பெட்டியில் கிடந்த தாள் இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது. பதினைந்து ஆண்டுகள் மேசை இழுப்பறையில் கிடந்த ஹார்டு டிஸ்க் திறக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கிளவுட் கணக்கின் உரிமையாளர் இறந்து, கட்டணம் நின்றால், படங்களும் நிற்காது.

செய்வதானால் முறையாகச் செய்ய வேண்டும். வண்ணத்தில் 400 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 400 புள்ளிகள்), தரம் குறையாமல் படத்தைச் சேமிக்கும் டிஃப் வடிவம், வெற்றுப் பின்பக்கமும் உறையும் உட்பட. கடிதத்தாள் அளவுப் பக்கம் ஒன்று ஏறத்தாழ 45 எம்பி வரும். ஆயிரம் பக்கத்துக்கு 45 ஜிபி. மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு ஊரில் என்பது தொழில்முறையாளர் கடைப்பிடிக்கும் விதி. படம் இருந்தால் போதாது, அதன் வாசகமும் வேண்டும். இன்ஸ்புரூக்கைச் சேர்ந்த கூட்டுறவு அமைப்பு நடத்தும் டிரான்ஸ்கிரிபஸ் மென்பொருள் குர்ரென்ட் எழுத்தை ஓரளவு நன்றாகவே வாசிக்கிறது; ஆட்பெயரிலும் ஊர்ப்பெயரிலும் தவறும், அவற்றை மனிதக் கண் சரிபார்க்க வேண்டும். ஹாம்பர்க்கின் சூட்டர்லின்ஸ்டூபே என்ற முதியோர் குழு பழைய கையெழுத்தை இன்றைய எழுத்துக்குத் தன்னார்வமாகப் பெயர்த்துத் தருகிறது. பென்சில்வேனியாவின் பெத்லகேமில் உள்ள மொரேவியன் திருச்சபைக் காப்பகம் இந்தக் கையெழுத்தைக் கற்பிக்கவே கோடைக்காலப் பயிற்சி நடத்துகிறது. குடும்பத்தில் ஓர் இளையவர் அதற்குச் சென்றுவந்தால், அடுத்த ஐம்பது ஆண்டுக்கான முதலீடு அது.

## விற்பது

பென்சில்வேனியா ஜெர்மானியரின் ஃபிராக்டூர் என்னும் அலங்கார எழுத்தும் ஓவியமும் கொண்ட, வண்ணம் தீட்டிய ஞானஸ்நானச் சான்றுகளுக்கு ஏல விலை உண்டு; சாதாரணக் கடிதங்களுக்கு அநேகமாக இல்லை. வியாபாரி அழகான ஒரு தாளை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவார், அல்லது உறையை ஒருவருக்கும் கடிதத்தை ஒருவருக்கும் விற்பார். குடும்பத்துக்கு உண்மையான பணமுடை இருந்தால், தொகுப்பை முழுதாக வாங்கும் காப்பகம் உண்டா என்று முதலில் கேளுங்கள்.

## எந்தக் குடும்பத்துக்கு எது

பொறுப்பேற்க இரண்டு தலைமுறையில் ஆள் இருந்தால், வீடு. ஆனால் உயிலோடும் மின்படியோடும். அப்படி ஆள் இல்லை என்று நேர்மையாகத் தெரிந்தால், இன்றைய பெரியவர் உயிருடன் இருக்கும்போதே குடியேறிய மாநிலத்தின் காப்பகம். புகைப்படத்தில் இருப்பது யார் என்று சொல்லக்கூடிய கடைசி மனிதர் அவர்தான். அவரை உட்காரவைத்து, படத்தின் பின்புறத்தில் மென்பென்சிலால் பெயர்களை எழுதி வாங்குவது, எந்தப் பெட்டி வாங்குவது என்ற கேள்வியைவிட அவசரமானது. மறுபாதிக் கடிதங்கள் ஜெர்மனியில் கண்டுபிடிக்கப்பட்டால், மூலம் எங்கே இருந்தாலும் மின்படி இரு கரையிலும் இருக்கட்டும். லியோ பெக் நிறுவனம் தன் நியூயார்க் தொகுப்புகளின் நுண்படப் (மைக்ரோஃபிலிம்) படிகளைப் பெர்லின் யூத அருங்காட்சியகத்தில் வாசிக்கக் கொடுப்பது இந்த முறையில்தான்.

கொடைப் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் ஒரு காகிதத்தை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள்: மூதாதையரின் அமெரிக்கக் குடியுரிமைச் சான்று. அதில் உள்ள நாள், அவருடைய பிள்ளை பிறந்தபோது அவர் இன்னும் ஜெர்மன் குடிமகனாக இருந்தாரா என்பதைக் காட்டும். வம்சாவளியாக ஜெர்மன் குடியுரிமை கோருவோருக்கு இதுவே அடிப்படை. பழைய சட்டப்படி, பத்து ஆண்டுகள் வெளிநாட்டில் வாழ்ந்து தூதரகப் பதிவேட்டில் பெயர் பதியாதவர் குடியுரிமையை இழந்துவிட்டார். 1914இல் அந்த விதி நீங்கியது. ஆகவே 1904க்கு முன் வந்த குடும்பங்களுக்கு இந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. அதற்குப் பின் வந்தவர்களுக்கும், நாஜி ஆட்சியில் குடியுரிமை பறிக்கப்பட்டு, ஜெர்மன் அடிப்படைச் சட்டத்தின் 116ஆம் பிரிவின்படி அதை மீளக் கோரக்கூடியவர்களின் சந்ததியினருக்கும் அது இன்னும் திறந்திருக்கலாம். அந்தச் சான்றையும் பழைய கடவுச்சீட்டையும், விண்ணப்பம் முடியும்வரை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, பின்னர் தொகுப்போடு சேர்ப்பதாகப் பத்திரத்திலேயே எழுதிக்கொள்ளலாம். காப்பகங்கள் இதற்குப் பொதுவாக மறுப்புச் சொல்வதில்லை.